பாஸ்வேர்டு தணிக்கைக்கு ஒரு காவிரி டெல்டா சொற்பட்டியல்

பெரிய எழுத்தில் தொடங்கும் ஒரு பெயர், நடுவில் ஒரு @ குறி, பின்னால் பிறந்த வருடம். ‘தியாகராஜன்@1978’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் 17 எழுத்து வரும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் இருப்பதால் எந்தப் பதிவுப் படிவமும் பச்சைக் கோடு காட்டிவிடும். திருவாரூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு தியாகராஜன் உண்டு என்பது அந்தப் பச்சைக் கோட்டுக்குத் தெரியாது.

சின்ன அலுவலகங்களில் பாஸ்வேர்டு தணிக்கை செய்கிறவர்கள், அதாவது எந்தப் பாஸ்வேர்டு எளிதில் உடையும் என்று நாமே உடைத்துப் பார்க்கிறவர்கள், பெரும்பாலும் கசிந்த பாஸ்வேர்டுகளின் ‘ராக்யூ’ பட்டியலை இறக்கி, ‘ஜான் த ரிப்பர்’ என்ற பாஸ்வேர்டு உடைக்கும் மென்பொருளுக்குக் கொடுத்து ஓடவிட்டு, “இரண்டுதான் உடைந்தது, மற்றதெல்லாம் பரவாயில்லை” என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் 2009 டிசம்பரில் ஒரு அமெரிக்க நிறுவனத்திலிருந்து கசிந்தது. சுமார் 3.2 கோடிக் கணக்குகள். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 1.43 கோடி சொற்கள். பயனுள்ள பட்டியல்தான், அதை ஓட்டாமல் விடக்கூடாது. ஆனால் கும்பகோணத்துப் பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறவர் பாஸ்வேர்டு வைக்க உட்கார்ந்தால் அவருக்குத் தோன்றுவது குலதெய்வம், மகள் பெயர், கடைப் பெயர், வண்டி எண். உள்ளே நுழையப் பார்ப்பவன் உள்ளூர்க்காரனாகவோ வேலையை விட்டுப் போனவனாகவோ இருந்தால் அவனுக்கும் முதலில் தோன்றுவது அதுவே. ஆகவே தணிக்கைக்கான பட்டியலை இந்த மண்ணிலேயே தயாரிக்க வேண்டும். அதற்கு 60, 70 வரிப் பைத்தான் போதும்.

முதலில் கடிதம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் பிரிவு 43படி, உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதும் தரவை நகலெடுப்பதும் இழப்பீட்டுக்கு உரியவை. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66 வரும்: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “முதலாளி வாயால் சொன்னார்” என்பது நாளைக்கு உதவாது. ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். எந்தெந்தக் கணினி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஹேஷ் கோப்பை (பாஸ்வேர்டுகளைத் திரும்ப மாற்ற முடியாத குறியீடுகளாகச் சேமித்திருக்கும் கோப்பு) யார் எடுத்துக் கொடுப்பார், அது யாருடைய லேப்டாப்பில் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். ஊழியர்களுக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். தெரிவித்ததுமே பாதிப் பேர் மாற்றிவிட்டால் அது நமக்கு நஷ்டம் அல்ல, நோக்கமே அதுதான்.

ஒரு எல்லையை மறக்கக்கூடாது. அரிசி ஆலை முதலாளி தன் சர்வருக்கு அனுமதி தரலாம். ஊழியரின் ஜிமெயிலுக்கோ, வங்கித் தளத்துக்கோ அனுமதி தர அவருக்கு உரிமை கிடையாது. அந்த வாசல்களில் ஒரு முயற்சிகூடச் செய்யக்கூடாது.

பட்டியலை உருவாக்கும் ஸ்கிரிப்ட்

மூலச் சொற்களை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாகத் தமிழிலேயே எழுதுங்கள். ஆட்பெயர்கள், தெய்வப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், தொழிலோடு ஒட்டிய சொற்கள். ஊர்ப் பெயருக்குப் பழைய வழக்கையும் சேர்க்க வேண்டும்: தஞ்சாவூர் என்றால் தஞ்சை, டேஞ்சூர், மயிலாடுதுறை என்றால் மாயவரம், மாயூரம், கும்பகோணம் என்றால் குடந்தை. ஐம்பது வயதைத் தாண்டியவர் இன்றைக்கும் ‘மாயவரம்’ என்றே அடிப்பார். தெய்வப் பெயரில் கும்பேஸ்வரர், சாரங்கபாணி, வைத்தீஸ்வரன், சிங்காரவேலன், மாரியம்மன் வரிசையோடு வேளாங்கண்ணியையும் நாகூரையும் விட்டுவிடாதீர்கள். சித்திரை முதல் பங்குனி வரை 12 மாதப் பெயரும் வேண்டும். மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் அலுவலகங்களில் ‘ஆவணி@2025’ என்ற வடிவம் தானாகவே முளைக்கும்.

அடுத்த படிதான் இந்த ஸ்கிரிப்டின் உயிர். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சாத்தியமான ஆங்கில வடிவங்களை ஒரு டிக்‌ஷனரியில் வைத்துக்கொள்ளுங்கள். ‘த’வுக்கு டி (t), டி‑ஹெச் (th), சொல்லின் நடுவில் வந்தால் சிலர் எழுதும் டி (d). ‘ழ’வுக்கு இசட்‑ஹெச், எல், தனி இசட். நெடில் ஆவுக்கு ஒற்றை ஏ, இரட்டை ஏ. ஈக்கு இரட்டை ஈ, ஒற்றை ஐ. பிறகு பைத்தானின் ஐட்டர்டூல்ஸ் தொகுப்பில் உள்ள ‘புராடக்ட்’ செயல்பாடு எல்லாச் சேர்க்கைகளையும் எடுத்துத் தந்துவிடும். ‘தமிழ்ச்செல்வி’யைப் பாருங்கள். முதல் எழுத்துக்கு 2 வடிவம், ழகரத்துக்கு 3, ‘ச்செ’வுக்கு 4. பெருக்கினால் 24 எழுத்துக்கூட்டல்கள். இதில் ஏதோ ஒன்றுதான் அவருடைய ஆதாரில், ஏதோ ஒன்று பள்ளிச் சான்றிதழில், ஏதோ ஒன்று பாஸ்வேர்டில் இருக்கும். நெடிலையும் ஒற்றையும் விட்டு வைக்காமல் எல்லாவற்றையும் விரித்தால் நீளமான பெயர் ஒன்றே ஆயிரத்தைத் தாண்டும். அதனால் சொல்லுக்கு 30 வடிவம் என்று உச்சவரம்பு வைத்து, அதிகம் புழங்கும் வடிவம் முதலில் வரும்படி டிக்‌ஷனரியை வரிசைப்படுத்துங்கள்.

பின்னொட்டுகள் அடுத்தது. 1950 முதல் 2025 வரை 76 ஆண்டுகள். அதே 76 ஆண்டுகள் @ குறியோடு. இரண்டிலக்க எண்கள் 100. 123, 1234, @123 போன்ற தேய்ந்த வால்கள். இவற்றோடு இந்தப் பகுதிக்கே உரிய எண்கள் இருக்கின்றன. அஞ்சல் குறியீடு: தஞ்சாவூர் 613001, கும்பகோணம் 612001, திருவாரூர் 610001, நாகப்பட்டினம் 611001, மயிலாடுதுறை 609001, மன்னார்குடி 614001. அதே ஊர் வரிசையில் தொலைபேசிக் குறியீடு: 04362, 0435, 04366, 04365, 04364, 04367. வண்டிப் பதிவு: டிஎன் 49 தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம், 82 மயிலாடுதுறை. தரைவழிப் போன் வீட்டில் இல்லாமல் போய்ப் பல வருடம் ஆனாலும் அதன் எஸ்டிடி கோடு மனசில் தங்கியிருக்கும், பாஸ்வேர்டிலும் தங்கியிருக்கும்.

தமிழுக்கே உரிய ஒரு வகையும் உண்டு. தமிழ்99 விசைப்பலகையில் பழகியவர்கள், விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லை அடிக்கிறார்கள். ‘காவிரி’ என்று விரல் போனால் திரையில் ஹெச், க்யூ, வி, எஸ், எம், எஸ் என்று வரும். பார்க்கிறவருக்குத் தலைகால் புரியாது. ‘தஞ்சை’ இன்னும் விசேஷம்: எல், பிறகு மூடும் சதுர அடைப்பு, திறக்கும் சதுர அடைப்பு, ஆர். ஞகரமும் சகரமும் அந்த அடைப்புக்குறி விசைகளில் இருப்பதால், “சிறப்புக் குறி கட்டாயம்” என்ற விதியையும் அது தானாகத் தாண்டிவிடும். டிடிபி சென்டர்களிலும், தமிழில் கடிதம் அடிக்கும் அலுவலகங்களிலும் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். இதை மாற்றித் தரும் ஸ்கிரிப்ட் மிகச் சின்னது: 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசைக்கு ஒரு டிக்‌ஷனரி.

தவறு வரும் இடம் புள்ளி. தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற போன்ற இணைகளிலும் அப்படியே. ஆகவே ‘கும்பகோணம்’ என்பதில் முதல் மகரத்துக்குப் புள்ளி விசை அடிக்கப்படாது, கடைசி மகரத்துக்கு மட்டும் அடிக்கப்படும். மொத்தம் 9 விசை. ஸ்கிரிப்ட் எல்லா இடத்திலும் புள்ளியைப் போட்டால் 10 எழுத்து வரும், எதோடும் பொருந்தாது. பழைய தட்டச்சு முறையில் பழகிய சிலர் புள்ளியை எங்கும் அடிப்பதால் இரண்டு வடிவத்தையும் வெளியிடுவது நல்லது. விசை வரிசை வேறான பாமினி எழுத்துரு பழகியவர்கள் இருந்தால் அதற்கும் தனி டிக்‌ஷனரி.

உடைப்பதற்கு முன் எண்ணுங்கள்

பட்டியல் கையில் வந்ததும் ஓட்டத் தோன்றும். அதற்கு முன் ஒரு ஐந்து வரி ஸ்கிரிப்ட் அதைவிடப் பெரிய உண்மையைச் சொல்லிவிடும். உள்ளூரில் யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள்கள் பலவற்றில் பாஸ்வேர்டு சால்ட் (ஹேஷ் செய்யுமுன் ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் சேர்க்கும் தனித் துணுக்கு) இல்லாத எம்டி5 ஹேஷாகக் கிடக்கும். விண்டோஸின் என்டிஎல்எம் ஹேஷிலும் சால்ட் கிடையாது. சால்ட் இல்லையென்றால் ஒரே பாஸ்வேர்டுக்கு ஒரே ஹேஷ். ஹேஷ் கோப்பைப் பைத்தானின் ‘கவுன்ட்டர்’ வழியாகத் தள்ளுங்கள். 12 பேரில் 7 பேருக்கு ஒரே ஹேஷ் என்றால், மென்பொருள் போட்டவர் முதல் நாள் கொடுத்த பாஸ்வேர்டை அந்த ஏழு பேரும் மாற்றவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். ஒரு சொல்லையும் உடைக்காமல், யாருடைய ரகசியத்தையும் பார்க்காமல் கிடைத்த முடிவு இது. விண்டோஸ் டொமைன் (எல்லாப் பயனர் கணக்கையும் ஒரே சர்வரில் நிர்வகிக்கும் அமைப்பு) வைத்திருக்கும் கல்லூரிகளில் ‘டிஎஸ்இன்டர்னல்ஸ்’ என்ற பவர்ஷெல் தொகுப்பு இந்த எண்ணிக்கையையும், இன்னும் சிலவற்றையும் ஒரே கட்டளையில் தந்துவிடும்.

லினக்ஸ் ஆய்வகமாக இருந்தால், பாஸ்வேர்டு ஹேஷ்கள் இருக்கும் ‘ஷேடோ’ கோப்பில் ஒவ்வொரு ஹேஷும் தன் வகையை முன்னாலேயே சொல்லும். இரண்டு டாலர் குறிக்கு நடுவில் 1 என்றால் எம்டி5, 5 என்றால் ஷா‑256, 6 என்றால் ஷா‑512, ஒய் என்ற எழுத்து இருந்தால் யெஸ்கிரிப்ட். டெபியன் 11இலிருந்து யெஸ்கிரிப்ட்தான் இயல்புநிலை. புதிதாக ஏற்றிய கணினியிலும் 1 என்ற குறி தெரிந்தால், பழைய சர்வரிலிருந்து கணக்குகளை அப்படியே தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பயனர்கள் பாஸ்வேர்டு மாற்றியே பல வருடம் ஆகியிருக்கும்.

இப்போது கணக்கு. 3,000 மூலச் சொல், சராசரி 6 எழுத்துக்கூட்டல், மூன்று விதப் பெரிய‑சின்ன எழுத்து: 54,000. அதற்கு 400 பின்னொட்டு: 2.16 கோடி. சால்ட் இல்லாத எம்டி5க்கு இது ஒன்றுமே இல்லை, சாதாரண லேப்டாப்பில் நிமிடங்களில் முடிந்துவிடும். லினக்ஸின் ஷா‑512 ஹேஷ் வேண்டுமென்றே மெதுவாக, இயல்பாக 5,000 சுற்று சுற்றும். லேப்டாப் விநாடிக்கு 1,500 முயற்சி செய்கிறது என்று வைத்தால் ஒரு பயனருக்கு 14,400 விநாடி, அதாவது 4 மணி நேரம். ஒவ்வொருவருக்கும் சால்ட் வேறு என்பதால் 20 பேருக்கு 80 மணி. ஆகவே மெதுவான ஹேஷுக்கு மொத்தப் பட்டியலையும் கொட்டக்கூடாது. அதிகம் புழங்கும் 10 பின்னொட்டை மட்டும் வைத்தால் 5.4 லட்சம் சொல், ஒருவருக்கு 6 நிமிடம், 20 பேருக்கு 2 மணி. அதில் தப்பியவர்களுக்கு மட்டும் அவரவர் பெயர், பிறந்த ஆண்டு, வண்டி எண் என்று தனிச் சின்னப் பட்டியல். பெரிய பட்டியலைவிடப் பொருத்தமான பட்டியலே வேலைக்கு ஆகும்.

யெஸ்கிரிப்டை ஜானுக்குக் கொடுக்கும்போது வடிவம் ‘கிரிப்ட்’ என்று நாமே குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் “ஹேஷ் எதுவும் இல்லை” என்று வரும்; கோப்பே கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

ஓடியும் ஒன்றும் கிடைக்காதபோது

எந்தத் தணிக்கையையும் தொடங்குமுன் ஒரு சோதனைக் கணக்கு உருவாக்குங்கள். அதன் பாஸ்வேர்டு உங்கள் பட்டியலின் நடுவிலிருந்து எடுத்த ஒரு சொல்லாக இருக்கட்டும். இன்னொரு சோதனைக் கணக்குக்குத் தமிழ்99 வடிவம். இந்த இரண்டும் உடையாவிட்டால், மற்றவர்களுடையது உடையவில்லை என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் கொடுத்த அறிக்கையை நம்பவே கூடாது.

உடையாததற்குக் காரணம் பெரும்பாலும் வரி முடிவு. விண்டோஸ் நோட்பேடில் தயாரித்த கோப்பில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் இரண்டு கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருக்கும். ஸ்கிரிப்ட் ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றது சொல்லோடு ஒட்டிக்கொண்டு, பட்டியல் முழுவதும் வீணாகும். கோப்பின் தொடக்கத்தில் ‘பிஓஎம்’ எனும் 3 பைட் குறி இருந்தால் முதல் சொல் மட்டும் வீணாகும். சோதனை ஹேஷை ‘எக்கோ’ கட்டளையால் உருவாக்கினாலும் இதே கதி: வரி முறிவையும் சேர்த்து ஹேஷ் செய்துவிடும். எக்கோவுக்குக் கழித்தல்‑என் கொடுங்கள், அல்லது பைத்தானிலேயே உருவாக்குங்கள்.

தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே சிக்கல் வேறு. ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, ஹேஷுக்கு வேறு. அலுவலகக் கணினியில் வைத்த பாஸ்வேர்டு செல்போனில் ஏறவில்லை என்ற புகார் வந்தால் இதையும் சந்தேகப்படுங்கள். பட்டியலைப் பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுப்பு வழியாக என்எஃப்சி எனும் சேர்த்தெழுதும் வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிரித்த வடிவத்தையும் கூடவே ஓட்டுங்கள்.

பிகிரிப்ட் என்ற ஹேஷ் முறையைப் பயன்படுத்தும் இணையச் செயலியாக இருந்தால் 72 பைட்தான் வரம்பு. யூடிஎஃப்‑8இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுக்கும். உயிர்மெய்யில் மெய் ஒன்று, உயிர்க்குறி ஒன்று, புள்ளியும் ஒன்று. ஆக 24 குறியீட்டோடு இடம் தீர்ந்தது. ‘கும்பகோணம்’ மட்டுமே 10 குறியீடு, 30 பைட். சில நூலகங்கள் 72க்கு மேல் வருவதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும், சில பிழை காட்டி நிற்கும். வெட்டுகிற இடத்தில், கடைசிச் சொல்லைத் தப்பாக அடித்தாலும் உள்ளே விட்டுவிடும். இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும்: நீளமான தமிழ்ப் பாஸ்வேர்டு வைத்து, கடைசி எழுத்தை மாற்றி அடித்துப் பாருங்கள்.

வலையில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்டுகள் இரண்டு இடத்தில் நின்றுவிடும். பைத்தான் 3.13இல் ‘கிரிப்ட்’ தொகுப்பே நீக்கப்பட்டுவிட்டது. ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க நூலகம் வந்தபிறகு, என்டிஎல்எம்முக்கு அடிப்படையான எம்டி4 பழைய முறைகளின் பட்டியலுக்குப் போய்விட்டதால், என்டிஎல்எம் ஹேஷ் கணக்கிடும் வரி “ஆதரிக்கப்படாத ஹேஷ் வகை” என்று பிழை காட்டும். ஸ்கிரிப்டில் தவறு இல்லை; பாஸ்லிப் போன்ற தனி நூலகம் போட்டால் சரியாகும். என்டிஎல்எம்முக்கு முன்னால் சொல்லை யூடிஎஃப்‑16 சின்ன முனை (லிட்டில் எண்டியன்) வடிவுக்கு மாற்ற வேண்டும் என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சித்திரை, வைகாசியில் ஓட்டினால் லேப்டாப் சூடாகி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஜான் ஓடும்போது ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் இப்போதைய வேகம் தெரியும்; தொடக்கத்தில் காட்டியதில் பாதிக்கு வந்துவிட்டால் காற்று போக வழி செய்யுங்கள். மின்தடைக்கு ஏற்பாடு எளிது: தொடங்கும்போதே ‘செஷன்’ பெயர் கொடுத்துவிட்டால் ‘ரீஸ்டோர்’ கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கசிந்த பட்டியலோடு ஒப்பிடுதல்

பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் நடத்தும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் கசிந்த பாஸ்வேர்டுகளைத் தேடும் வசதி உண்டு. பாஸ்வேர்டை அனுப்பத் தேவையில்லை. அதன் ஷா‑1 ஹேஷில் உள்ள 40 எழுத்தில் முதல் 5ஐ மட்டும் அனுப்பினால், அந்த ஐந்தில் தொடங்கும் எல்லா ஹேஷின் மீதி 35 எழுத்தும், ஒவ்வொன்றும் எத்தனை முறை கசிந்தது என்ற எண்ணும் வரும். ஒப்பிடுவது நம் கணினியிலேயே நடக்கும். 20 வரி ஸ்கிரிப்ட்.

இதில் ஒரு மோசமான பிழை இருக்கிறது. தளம் தரும் விடை பெரிய எழுத்தில் வரும், பைத்தான் ஹேஷைச் சின்ன எழுத்தில் தரும். மாற்றாமல் ஒப்பிட்டால் எல்லாமே “கசியவில்லை” என்று வரும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. முதலில் 123456ஐக் கொடுத்துப் பாருங்கள். அதற்கே பூஜ்யம் என்றால் ஸ்கிரிப்ட் தப்பு. பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் எழுதாமல் பைத்தானின் ‘கெட்பாஸ்’ மூலம் வாங்குங்கள். கட்டளை வரியில் எழுதியது ஹிஸ்டரியில் தங்கிவிடும்.

அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, புதுப் பாஸ்வேர்டை இப்படிக் கசிந்த பட்டியலோடு ஒப்பிடச் சொல்கிறது. காரணமின்றி மாதாமாதம் மாற்றச் சொல்வதை வேண்டாம் என்கிறது. மேலே சொன்ன ‘ஆவணி@2025’ அந்தக் கட்டாயத்தின் விளைச்சல்தான்.

கணினிக்கு வெளியே

ரவுட்டர், சிசிடிவி பெட்டி இரண்டுக்கும் சொற்பட்டியலை ஓட்டக் கூடாது. ஐந்து தப்பான முயற்சியில் பூட்டிக்கொண்டால் அதன் அமைப்புப் பக்கத்துக்குள் உரிமையாளரே நுழைய முடியாமல் போகலாம். என்மேப் என்ற நெட்வொர்க் தேடும் கருவியை வைத்து நம் நெட்வொர்க்கில் 23 (டெல்நெட்), 80 (வலைப்பக்கம்), 554 (கேமரா வீடியோ) ஆகிய வாசல்கள் (போர்ட்) எந்தச் சாதனத்தில் திறந்திருக்கின்றன என்று மட்டும் பட்டியல் எடுங்கள். பிறகு சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஆரம்பப் பாஸ்வேர்டைக் கையால் ஒரே ஒரு முறை அடித்துப் பாருங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது 60க்குச் சற்று மேற்பட்ட ஆரம்பப் பாஸ்வேர்டு இணைகளை வைத்துத்தான். 23ஆம் வாசல் திறந்திருந்தால் பாஸ்வேர்டு எதுவானாலும் அதை மூடிவிடுங்கள்.

வைஃபை பாஸ்வேர்டு செல்போன் எண்ணாக இருப்பது கடைத்தெரு முழுக்க வழக்கம். 6 முதல் 9 வரை தொடங்கும் பத்திலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. விநாடிக்கு 4 லட்சம் முயலும் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் 10,000 விநாடி, 3 மணிக்கும் குறைவு. அது வெளியாளுக்கு. கடையின் பெயர்ப் பலகையிலேயே அந்த எண் எழுதியிருந்தால் ஒரே முயற்சி போதும். இதை உடைத்துக் காட்ட வேண்டியதில்லை, பலகையைக் காட்டினாலே புரிந்துவிடும்.

பிரவுசிங் சென்டரிலும் சேவை மையத்திலும் இன்னொன்றைத் தேட வேண்டும். இ‑ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும். வாடிக்கையாளர் பெயரிலேயே கோப்பைச் சேமித்து வைத்திருந்தால், மீதமிருப்பது நூறு ஆண்டுக்குள் ஒரு யூகம். டவுன்லோட்ஸ் அடைவில் 24 மணி நேரத்துக்கு மேல் பழைய பிடிஎஃப்களைப் பட்டியலிடும் பத்து வரி ஸ்கிரிப்டை எழுதி, தினமும் கடை அடைக்கும் நேரத்தில் ஓடும்படி வையுங்கள். முதல் வாரம் பட்டியல் மட்டும் காட்டட்டும். எது தேவை, எது தேவையில்லை என்று கடைக்காரர் பார்த்துச் சொன்ன பிறகு அழிக்கும் வரியைச் சேர்க்கலாம்.

அறிக்கையும் மாற்றுச் சொல்லும்

அறிக்கையில் ஒரு பாஸ்வேர்டுகூட எழுதக்கூடாது. “20 கணக்கில் 9 உடைந்தன, 4 சொந்தப் பெயரும் ஆண்டும், 3 தெய்வப் பெயரும் 123உம், 2 கடைப் பெயர்” என்ற அளவில் இருந்தால் போதும். முதலாளி “யாருடையது என்ன என்று சொல்லுங்கள்” என்று கேட்பார். சொல்லக்கூடாது, கடிதத்திலேயே அதை எழுதி வைத்திருக்க வேண்டும். அதே சொல்லை அந்த ஊழியர் தன் வங்கிக் கணக்குக்கும் வைத்திருக்கக்கூடும். உடைந்தவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, எந்த வகையில் விழுந்தது என்று மட்டும் சொல்லி, அங்கேயே மாற்றச் செய்யுங்கள்.

மாற்றுச் சொல்லை அவர்களே யோசிக்கச் சொன்னால் இன்னொரு பிள்ளையின் பெயர் வரும். நாற்று, மதகு, களம், கதிர், வரப்பு, பதர் என்று அன்றாடச் சொற்கள் 2,048 சேர்த்து, பைத்தானின் ‘சீக்ரெட்ஸ்’ தொகுப்பால் குலுக்கி எடுத்துக் கொடுங்கள். ‘ரேண்டம்’ தொகுப்பு வேண்டாம், அதன் வரிசையை ஊகித்துவிடலாம். எழுத்துக்கூட்டல் குழப்பமில்லாத சொற்களாகப் பொறுக்க வேண்டும். ‘வாய்க்கால்’ நல்ல சொல்தான், ஆனால் அதை ஆங்கிலத்தில் எட்டு விதமாக எழுதலாம், மறுநாள் உள்ளே நுழைய முடியாமல் நிற்பார்கள்.

நான்கு சொல் என்றால் சுமார் 17.6 லட்சம் கோடிச் சேர்க்கைகள். விநாடிக்கு 1,000 கோடி முயலக்கூடிய, சால்ட் இல்லாத ஹேஷாக இருந்தால் அது வெறும் 29 நிமிடம். ஐந்து சொல்லுக்கு 41 நாள். ஆறு சொல்லுக்கு 230 ஆண்டுக்கு மேல். பிகிரிப்ட் போன்ற மெதுவான ஹேஷும், சில முயற்சிக்குப் பின் பூட்டும் வசதியும் இருந்தால் நான்கு சொல் தாராளம். பில்லிங் மென்பொருள் இன்னும் எம்டி5இல் இருந்தால் ஊழியருக்கு ஆறு சொல்லைச் சுமத்துவதைவிட, மென்பொருள் எழுதியவரைக் கூப்பிட்டு ஹேஷை மாற்றச் சொல்வதே நியாயம். அறிக்கையின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஹேஷ் கோப்பை அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் உடைந்த சொற்கள் எல்லாம் ஜானின் ‘பாட்’ கோப்பில் அப்படியே கிடக்கும். ஹேஷ்கேட் என்ற இன்னொரு உடைப்பு மென்பொருளிலும் இதேபோல் ஒரு கோப்பு உண்டு. அதே ஹேஷை மறுபடி ஓட்டும்போது “உடைக்க எதுவும் மிச்சமில்லை” என்று வருவதும் இதனால்தான். எஸ்எஸ்டி வட்டில் மேலெழுதி அழிப்பது உறுதியாக வேலை செய்யாது. ஆகவே முதல் நாளிலேயே வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளில் ஒரு பெட்டகம் உருவாக்கி, ஹேஷ், பட்டியல், பாட் கோப்பு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்து ஓட்டுங்கள். கடிதத்தில் எழுதிய தேதி வந்ததும் உரிமையாளர் கண்முன் அந்தப் பெட்டகத்தை அழித்து, அதே கடிதத்தின் கீழே தேதியிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.